வெள்ளி வழி – 9: ஆறு விதிகளின் வீடு

மனைவி இருக்க இன்னொருத்தியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வேலையாட்களைக் கொடுமைப்படுத்தக் கூடாது. விலைமாதரிடம் போகக் கூடாது. அபின் தொடக் கூடாது. சூதாடக் கூடாது. குடித்து மயங்கிக் கிடக்கக் கூடாது.

வட சீனத்தின் ஷான்சி மாகாணத்தில் சியாவ் என்ற வணிகக் குடும்பம் தன் பிள்ளைகளுக்கு வகுத்து வைத்த ஆறு விதிகள் இவை. நூற்றுக்கணக்கான கடைகளுக்கு முதலாளிகளான குடும்பம் இது. அந்தக் காலத்துச் சீனத்தில் காசு கண்ட வீடு என்றால் துணைமனைவிகள் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். எத்தனை பேர் என்பதே அந்தஸ்தின் அளவுகோல். அப்படிப்பட்ட ஊரில் இந்த வீடு முதல் விதியாக அதைத்தான் தடுத்தது.

இனி நடந்த வேடிக்கையைச் சொல்கிறேன். உலகம் இந்த வீட்டை அறிந்தது, ஒரு செல்வரின் நான்கு மனைவிகள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் கதை வழியாக. ஜாங் யிமோ 1991இல் எடுத்த ‘ரெய்ஸ் த ரெட் லான்டர்ன்’ படத்தின் முற்றங்களும் கூரைகளும் உயர்ந்த சாம்பல் நிறச் சுவர்களும் இந்த வீட்டினுடையவை. கோங் லி நாலாவது மனைவியாக வந்து இறங்கும் வாசல் இங்கே இருக்கிறது. எவள் வீட்டில் அன்றிரவு எசமான் தங்குவாரோ அவள் முற்றத்தில் சிவப்பு லாந்தர் ஏற்றுவார்கள். மற்றவர்கள் இருட்டில் நின்று பார்ப்பார்கள். படம் பார்த்தவர்களுக்கு மறக்காத காட்சி. ஆனால் அந்தச் சடங்கு சியாவ் வீட்டில் நடந்ததில்லை. ஷான்சியிலும் நடந்ததில்லை. படத்துக்கு மூலமான சூ தொங்கின் குறுநாவலிலும் கிடையாது. கதை நடக்கும் இடமும் தெற்குச் சீனம். லாந்தர் ஏற்றும் வழக்கம் சினிமாவுக்காக உண்டாக்கியது.

இன்று அந்த வீடு நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம். உள்ளே நுழைகிறவர் தலைக்கு மேலே வரிசை வரிசையாகச் சிவப்பு லாந்தர்கள் தொங்குகின்றன. நாட்டு வழக்கங்களைக் காப்பாற்றத் திறந்த இடத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது, நாட்டில் இல்லாத ஒரு வழக்கத்தின் அடியில் நின்று.

சென்ற இதழில் பிங்யாவ் நகரத்து ரிஷெங்சாங் உண்டியல் கடையைப் பார்த்தோம். வெள்ளியைக் கழுதை மேல் ஏற்றி அனுப்பாமல், ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து ஆயிரம் மைலுக்கு அப்பால் பணமாக்கும் தொழில் அங்கே 1820களில் பிறந்தது. பிங்யாவிலிருந்து வடக்கே தாய்யுவான் போகும் சாலையில், தாய்யுவானுக்குச் சுமார் 54 கிலோமீட்டர் இருக்கும்போது சியாவ்ஜியாபாவ் என்ற சிற்றூர் வருகிறது. சியாவ் குடும்பத்துக் கோட்டையூர் என்று கொள்ளலாம். சி வட்டத்தைச் சேர்ந்தது. நாம் இப்போது நிற்பது அங்கே.

வீட்டுக்குள் போகுமுன் வீட்டைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அது இந்த ஊரில் விளைந்த காசு அல்ல.

சியாவ் குய்ஃபா என்பவர் தாய் தந்தை இல்லாத பிள்ளை. உறவுக்காரர் கல்யாணத்தில் ஏழை என்று அவமானப்பட்டு ஊரைவிட்டுப் போனார் என்று குடும்பக் கதை சொல்லும். பணக்காரக் குடும்பங்களின் மூதாதை எல்லோருக்கும் இப்படி ஒரு கல்யாண வீடு அமைந்துவிடுகிறது; அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அவர் போனது நிச்சயம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில், கியென்லுங் பேரரசர் பட்டத்துக்கு வந்த காலத்தை ஒட்டி அவர் வடக்கே நடந்தார். ஷான்சி மண் வறண்ட மண். மக்கள் அதிகம், மழை குறைவு. பிழைக்க வழியில்லாதவர்கள் பெருஞ்சுவரின் ஷாஹூகோ கணவாயைத் தாண்டி மங்கோலியப் புல்வெளிக்குப் போனார்கள். ‘மேற்கு வாய்க்குப் போவது’ என்றே அதற்குப் பெயர். பிரிந்து நிற்கும் மனைவியின் பாட்டாக அந்தப் பயணம் இன்றும் ஷான்சி நாட்டுப்பாடல்களில் வருகிறது.

குய்ஃபா சாலாச்சி என்ற இடத்தில் ஓர் அடகுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சின் என்ற குலப்பெயர் கொண்ட ஷான்சிக்காரர் ஒருவரோடு சிநேகம். இருவரும் காசு சேர்த்துக்கொண்டு, அப்போது சின்னக் குடியிருப்பாக இருந்த பாவ்தோவுக்குப் போய் ஒரு தீவனக் கடை போட்டார்கள். ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் தீவனம்; மனிதர்களுக்குத் தோஃபு, முளை கட்டிய பயறு, நூடுல்ஸ். பாவ்தோ மஞ்சளாற்றங்கரையில் இருக்கிறது. புல்வெளிக்கும் சீனத்துக்கும் நடுவே வண்டிகளும் ஒட்டகங்களும் கட்டாயம் நின்று போக வேண்டிய இடம். நிற்கிற ஒட்டகத்துக்குத் தீவனம் வேண்டும் அல்லவா? யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான தொழில் கிடையாது.

பெரிய லாபம் வந்தது வேறு வழியில். ஓர் ஆண்டு மஞ்சள் மொச்சை, அதாவது சோயா, அமோகமாக விளைந்து விலை தரைக்கு வந்தது. இருவரும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கி வைத்தார்கள். மறு ஆண்டு விளைச்சல் பொய்த்து விலை ஏறியது. அந்த லாபத்தில் தொடங்கிய கடைக்குக் குவாங்ஷெங்குங் என்று பெயர். சியாவ்ஜியாபாவில் வீட்டின் முதல் கட்டு எழுந்ததும் இதே காலத்தில்தான், 1755ஐ ஒட்டி.

லாபம் கொடுத்த அதே ஆசை பிறகு காலை வாரியது. பயிர் கதிர் விடுமுன்பே அறுவடைக்கு விலை பேசிக்கொள்ளும் முன்பேரத்தில் கடை மாட்டிக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் கடையைப் பூட்டச் சொல்லியிருக்கலாம். அவர்கள் தவணை கொடுத்தார்கள். கடை தலை தூக்கியதும் பெயரை மாற்றினார்கள்: ஃபூஷெங்குங், மீண்டும் தழைத்தது என்ற பொருளில். இதற்குள் கூட்டாளியான சின் வீட்டுப் பிள்ளைகள் காசைக் கரைத்துப் பங்குகளை ஒவ்வொன்றாக விற்க, சியாவ் வீட்டார் வாங்கிச் சேர்த்தார்கள். ஆறு விதிகள் ஏன் அபினிலும் சூதிலும் போய் நிற்கின்றன என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். விதி எழுதிய வீட்டுக்காரர்கள் கூட்டாளி வீடு கரைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஃபூஷெங்குங் கிளை விட்டது. தானியம், எண்ணெய், துணி, தேயிலை, அடகு, பண மாற்று என்று பாவ்தோவின் கடைத்தெருவில் பாதி அவர்கள் பெயரில் ஆனது. ‘முதலில் ஃபூஷெங்குங், பிறகுதான் பாவ்தோ நகரம்’ என்பது அந்த ஊர்ச் சொலவடை. கடை வைத்தவர்கள் ஊரை உண்டாக்கினார்கள் என்பதை ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டு சொன்ன பேச்சு இது.

ஆக, சம்பாதித்தது ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, கட்டியது இங்கே. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக் கடை வைத்த நகரத்தார் காரைக்குடிப் பக்கம் வீடு கட்டியதைப் போல. ஆண்கள் கடையில், பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் வளவில். இதை மனதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவோம்.

வெளியே இருந்து பார்த்தால் அழகான வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த செங்கல் மதில். செங்கல் என்றால் நம்மூர்ச் சிவப்பு அல்ல. சூளையில் நீர் தெளித்துச் சுட்ட நீலச் சாம்பல் நிறம். தெருப் பக்கம் ஒரு ஜன்னல் கிடையாது. திருடனுக்கு ஏணி போதாது, வழிப்போக்கனுக்கு எட்டிப் பார்க்க வழியில்லை. கிழக்கு நோக்கிய ஒரே பெரிய வாசல், வண்டி நுழையும் அகலம்.

வாசலுக்கு நேர் எதிரே ஒரு மறைப்புச் சுவர். கெட்ட ஆவிகள் நேர்கோட்டில்தான் நடக்கும் என்பதால் எதிரே சுவர் வைப்பது சீன வழக்கம். பார்க்க வேண்டியது சுவரின் முகம். செங்கல்லில் நூறு எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள். நூறும் ஒரே எழுத்து: நீண்ட ஆயுள் என்ற பொருள் கொண்ட ‘ஷௌ’. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்று பாம்பு சுருண்டதுபோல, ஒன்று விளக்குத் தண்டுபோல, ஒன்று பழைய முத்திரைகளில் வரும் கோணல் வடிவத்தில். விரலால் ஒரு வரிசையைத் தொடர்ந்து பார்த்தால், சிற்பி எழுத்தின் முனைகளைக் கூர்மையாக விடாமல் லேசாக மழுக்கியிருப்பது தெரியும். ஷான்சிப் புழுதிக் காற்றில் கூர்முனை நிற்காது. இருபுறமும் ஒரு ஈரடி. ஆசையைக் குறைத்து அறத்தை மீட்டெடு என்ற போக்கில் போகிறது. எழுதியவர் ஸுவோ சொங்தாங், சீனத்தின் வடமேற்கைப் படை நடத்தி மீட்ட தளபதி. அவர் படைக்குச் சம்பளமும் சோறும் போக வேண்டிய பணம் உண்டியல் கடைகள் வழியாகத்தான் நகர்ந்தது. தளபதி வணிகன் வீட்டுச் சுவருக்கு ஆசை ஒழிப்பு பற்றி ஈரடி எழுதிக் கொடுத்தார். வணிகன் அதைச் செதுக்கி வைத்துக்கொண்டு வியாபாரத்தைக் கவனித்தான். இருவரும் விவரமானவர்கள்.

வாசலைத் தாண்டினால் நீளமான கல் பாவிய நடை, ஏறக்குறைய 80 மீட்டர். மேற்கு முனையில் முன்னோர் கோயில். நடையின் வடக்கே மூன்று பெரிய வீடுகள், தெற்கே மூன்று. அவற்றுக்குள் இருபது சின்ன முற்றங்கள், முந்நூற்றுச் சொச்சம் அறைகள். வடக்கு வரிசை பெரியது, உயரமானது. தெற்கு வரிசை தாழ்ந்தது. வீட்டை மேலிருந்து பார்த்தால் இரட்டை மங்கல எழுத்தின் வடிவம் தெரியும் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. இது ஒரே வரைபடத்தில் எழுந்த வீடு அல்ல. 1755ஐ ஒட்டித் தொடங்கி 1921 வரை, தலைமுறைக்கு ஒரு கட்டு என்று ஒட்டிக்கொண்டே போன வீடு. பக்கத்து நிலத்தை வாங்கி, சந்தை அடைத்து, பழைய சுவரோடு புதிய சுவரைச் சேர்த்து வளர்ந்தது. எழுத்து பிறகு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது கூரையை. நூற்று நாற்பதுக்கும் மேல் புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கட்டடம்: ஒன்றுக்கு ஓட்டுக் கூரை, ஒன்றுக்கு மாடக் கதவு, ஒன்று சின்னக் கோயில் போல. ஒன்றைப் போல் ஒன்று வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஷான்சிக் குளிரில் படுக்கை என்பது ‘காங்’ என்ற செங்கல் மேடை. அதன் வயிற்றுக்குள் அடுப்புப் புகையை ஓட விட்டுச் சூடாக்கி மேலே படுப்பார்கள். எத்தனை புகைபோக்கியோ அத்தனை காங். புகைபோக்கியை எண்ணினாலே வீட்டின் ஆள் கணக்கு தெரிந்துவிடும். கூரைகளுக்கு நடுவே ஒரு நடைபாதையும் போகிறது. இரவுக் காவலர் அதில் நடந்து ஆறு வீடுகளையும் சுற்றி வருவார், கீழே இறங்காமல். படத்தில் கோங் லி கூரை மேல் உலவுவது இந்தப் பாதைகளில்தான். அசல் வீட்டில் அங்கே உலவியது தடி பிடித்த காவல்காரர்.

வீட்டுக்குப் பெரிய உருவம் கொடுத்தவர் குய்ஃபாவின் பேரன் சியாவ் ஜியோங் (1818–1907). படிப்பில் நாட்டம், அரசுத் தேர்வு எழுதி அதிகாரி ஆகும் கனவு. அண்ணன் இறந்ததால் கணக்குப் புத்தகம் கைக்கு வந்தது. பிறகு தொண்ணூறை எட்டும் வரை அவர்தான் வீட்டுக்குத் தலைவர். அவருக்கு ஆறு மனைவிகள். முதல் விதி என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். ஒருவர் இறந்த பிறகே அடுத்தவர். மகன்கள் ஆறு பேர். ஆறு முறை மணப்பந்தல் போட்டும் விதியை மீறவில்லை. ஐந்து முறை மனைவியைப் பறிகொடுத்தார் என்பதும் இதே வரிக்குள் இருக்கிறது.

அவர் காலத்தில் குடும்பத்தின் தேயிலைக் கடை ஒன்று 1884இல் பெயர் மாறித் தாதேதுங் என்ற உண்டியல் கடையானது. இன்னொன்று தாதேஹெங். இந்த இரண்டும்தான் சியாவ் பெயரை நாடு முழுதும் கொண்டுபோயின. தாதேதுங்கின் லாபப் பங்கீடு வீட்டுச் சிற்பங்களைவிடச் சுவையானது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கடையில் இரண்டு வகைப் பங்கு. முதல் போட்டவருக்கு வெள்ளிப் பங்கு. உழைப்பைப் போட்டவருக்கு ஆள் பங்கு. பதினைந்து பதினாறு வயதில் ஜாமீனோடு ஒரு பையன் சேருவான். எசமானுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது, படுக்கை மடிப்பது, இரவில் மணிச்சட்டம் பழகுவது, எழுத்துப் பயிற்சி. மனைவி மக்களைக் கடை இருக்கும் ஊருக்கு அழைத்துப் போக முடியாது. ஊருக்குத் திரும்புவது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஆண்டுகள் ஓடி, தவறு செய்யாமல் நின்றால், அவன் பெயருக்கு ஒரு பங்கில் பத்தில் ஒன்றோ இரண்டோ எழுதுவார்கள். தலைமை மேலாளுக்கு முழுப் பங்கு. லாபம் வந்தால் அவர்களுக்கும் கிடைக்கும். நட்டம் வந்தால் முதல் போட்டவர் மட்டும் சுமக்க வேண்டும்.

1889இல் தாதேதுங் லாபம் பிரித்தபோது வெள்ளிப் பங்கு 20, ஆள் பங்கு 9.7. பங்கு பெற்ற ஊழியர் 23 பேர். ஒரு முழுப் பங்குக்கு ஏறக்குறைய 850 லியாங் வெள்ளி. லியாங் என்பது நம் கணக்கில் சுமார் 37 கிராம். 1908இல் மீண்டும் பிரித்தார்கள். வெள்ளிப் பங்கு அதே 20. ஆள் பங்கு 23.95. பங்கு பெற்ற ஊழியர் 57 பேர். பிரித்த தொகை 7,43,545 லியாங். ஒரு பங்குக்குச் சுமார் 17,000. எண்களை இன்னொரு முறை படியுங்கள். இருபது ஆண்டுக்குள் ஊழியர்களின் மொத்தப் பங்கு முதலாளிகளின் பங்கைத் தாண்டிவிட்டது. லாபத்தில் பாதிக்கும் மேல் இந்த வீட்டுக்கு வரவில்லை, மணிச்சட்டம் தட்டியவர்கள் வீட்டுக்குப் போயிற்று. அப்படியும் இந்த வீட்டுக்கு வந்தது முன்னைவிடப் பல மடங்கு அதிகம். தரும சிந்தனை என்று இதற்குப் பெயர் வைக்க நான் தயாரில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் பூட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருப்பவனைக் கண்காணிக்கத் தந்தியோ தணிக்கையோ இல்லாத காலத்தில் பிறந்த ஏற்பாடு. அவன் நாணயமாக இருக்க வேண்டுமானால் பெட்டியில் இருப்பதில் கொஞ்சம் அவனுடையதாகவும் இருக்க வேண்டும்.

1900இல் பாக்ஸர் கலகம் மூண்டு, எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தன. பேரரசி சிஷியும் பேரரசர் குவாங்ஷூவும் அரண்மனையை விட்டு மேற்கே சீஆனுக்கு ஓடினார்கள். வழியில் சி வட்டத்து நகரத்தில் தாதேதுங் கடையில் ஓர் இரவு தங்கல். ஓடுகிற அரசிக்குக் காசு வேண்டும். உண்டியல் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பது சொல்பவரைப் பொறுத்து ஏறி இறங்கும் தொகை. கொடுத்ததற்குப் பலன் உண்டு. மாகாணங்களின் வரிப்பணத்தை நகர்த்தும் வேலை பிறகு இந்தக் கடைகளுக்குப் பெரிதாக வந்தது. 1908 கணக்கில் கண்ட வீக்கத்தில் அந்த ஓர் இரவுக்கும் பங்கு இருக்கிறது.

வீட்டில் இன்று கூட்டம் முண்டியடிப்பது பேரரசி தந்ததாகச் சொல்லப்படும் ஒன்பது நாக விளக்கைப் பார்க்க. மரத்தில் செதுக்கிய டிராகன்கள் கைகளைப் போல வளைந்து விளக்கேந்துகின்றன. அழகான வேலை, சந்தேகமில்லை. பக்கத்தில் ‘பத்தாயிரம் பேர் உருண்டை’ என்ற கண்ணாடிக் கோளம். அறையில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் அதில் குட்டி உருவமாகத் தெரிவார்கள். வந்த விருந்தாளி என்ன செய்கிறார் என்று எசமான் பார்வையைத் திருப்பாமலே பார்ப்பார் என்கிறார்கள். ஆளை நம்பித் தொழில் செய்தவர் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருப்பது பொருத்தம்தான்.

பேரரசி வந்து தங்குவதற்கு முன்பே, 1877–78இல், வட சீனத்தை மிகக் கொடிய பஞ்சம் தின்றது. செத்தவர்கள் கோடியை ஒட்டி. மிக மோசமாக அடிபட்டது ஷான்சி. ஜியோங் அப்போது ஊரில் கஞ்சித் தொட்டி வைத்தார். அண்டையில் அத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது பத்து மீட்டர் மதில் எதற்கு உதவும் என்பதை வீட்டுக்காரர்கள் அறிந்திருப்பார்கள்.

ஜியோங் 1907இல் இறந்தார். நான்கே ஆண்டில், 1911இல், பேரரசும் சாய்ந்தது. வரிப்பணம் நின்றது, கொடுத்த கடன் முங்கியது, வைப்பு வைத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதற்கு முன்பே அரசு வங்கிகள் வந்து உண்டியல் கடைகளின் தொழிலைப் பிடுங்கத் தொடங்கியிருந்தன. பிங்யாவ், சி, தாய்கு ஆகிய மூன்று ஊர்க் கடைகளும் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. தாதேதுங் தாக்குப் பிடித்தது. 1930இல் ஷான்சியின் படைத்தலைவர் யென் ஷிஷான் உள்நாட்டுப் போரில் தோற்க, அவர் அச்சடித்த நோட்டு பல மடங்கு மதிப்பிழந்தது. வைப்புக்காரர்களுக்கு அந்தச் செல்லாத நோட்டையே எண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம், சட்டம் தடுக்காது. தாதேதுங் தன் சேமிப்பை எடுத்து நல்ல மதிப்பில் திருப்பிக் கொடுத்தது. இரண்டொரு ஆண்டில் கடை மூடியது.

வீட்டில் 1921இல் எழுந்த கடைசிக் கட்டைப் பார்த்தால் காலம் திரும்பியது தெரியும். மேல்நாட்டுப் பாணி ஜன்னல், பெரிய பெரிய கண்ணாடி. முந்திய கட்டுகளில் மரச் சட்டத்தின் மேல் தாள் ஒட்டிய ஜன்னல்கள். கட்டியவர் ஜியோங்கின் பேரன் தலைமுறையைச் சேர்ந்த சீர்திருத்தக்காரர். பிறகு யாரும் கட்டவில்லை. 1937இல் ஜப்பானியப் படை ஷான்சிக்குள் நுழைந்ததும் குடும்பம் பெய்ஜிங், தியென்ஜின் என்று கலைந்தது. புதிய அரசு வந்த பிறகு வீடு அரசின் கைக்குப் போயிற்று.

1986இல் அதை ‘சி வட்ட நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம்’ என்று திறந்தார்கள். பெயரைப் பாருங்கள். சியாவ் என்ற சொல்லே இல்லை. முதலாளி வர்க்கம் என்று முப்பது ஆண்டு திட்டித் தீர்த்த பிறகு, ஒரு வட்டிக்கடைக்காரர் வீட்டை வட்டிக்கடைக்காரர் வீடு என்றே திறக்க அப்போது எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? மக்களின் வழக்கம் என்றால் யாருக்கும் உறுத்தாது. இது என் ஊகம்தான். ஆனால் அறைகளைச் சுற்றி வந்தால் இந்த ஊகம் பலப்படுகிறது.

ஒரு முற்றத்தில் விவசாயம்: கலப்பை, விதைப்புக் கூடை, ஆண்டின் பருவ வேலைகள். இன்னொன்றில் பண்டிகைகள்: வசந்த விழாவின் தாள் வெட்டுச் சித்திரங்கள், கோதுமை மாவில் பிசைந்து அவித்து வண்ணம் தீட்டிய மீனும் புலியும். அடுத்ததில் பிறப்பு, கல்யாணம், அறுபதாம் ஆண்டு, சாவு. கல்யாண அறையில் சிவப்புப் பல்லக்கும் மணப்பெண்ணும் மெழுகு பொம்மைகளும். உடை, உணவு, வீடு என்று தனித் தனி அறைகள். எல்லாம் நடு ஷான்சியின் ஊர்களில் உண்மையாக இருந்தவை. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அந்த மாவுப் புலிக்கு முன் நின்றால் நகரவே மனம் வராது. கருப்பு மொச்சையைக் கண்ணாகப் பதித்து, கத்தரியால் நறுக்கி நறுக்கி மயிரை எழுப்பியிருக்கிறாள் யாரோ ஒரு பாட்டி. ஆனால் அந்தப் பாட்டி இந்த வீட்டுக்குள் வாழ்ந்தவள் அல்ல. கலப்பை பிடித்தவனும் அல்ல. மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்களின் பொருள்கள் மதிலுக்கு உள்ளே, உள்ளே வாழ்ந்தவர்களின் தொழில் ஓர் ஓரத்தில். வணிக அறையில் மணிச்சட்டமும் தராசும் பேரேடும் இருக்கின்றன. சுவர் நிறைய எழுத வேண்டிய அந்த 20க்கு 23.95 கணக்கு எந்தக் கூட்டத்தையும் இழுக்காது என்று நினைத்திருக்கலாம்.

திறந்து ஐந்து ஆண்டில் கேமரா வந்தது, லாந்தர் வந்தது. பிறகு 2006இல் ஜியோங்கின் வாழ்வை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் சீனம் முழுதும் ஓடியது. முதலாளி என்ற சொல்லின் கறை அதற்குள் நீங்கிவிட்டது. பெயர்ப்பலகையில் சியாவ் பெயர் பெரிதானது, கூட்டம் மலிந்தது. வீட்டைச் சுற்றிப் புதிய கட்டடங்கள், வெளியேறும் வழி முழுக்கக் கடைகள். ஷான்சி வினிகர், மாட்டிறைச்சி, மரச்சீப்பு, கோங் லியின் முகம் அச்சிட்ட விசிறி. 2019இல் சீனப் பண்பாட்டு, சுற்றுலா அமைச்சகம் இந்த இடத்துக்குத் தந்திருந்த மிக உயர்ந்த சுற்றுலாத் தரச் சான்றைப் பறித்தது. அளவுக்கு மீறிய வியாபாரம் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. வணிகன் வீட்டில் வியாபாரம் அதிகம் என்று அரசு கோபித்துக்கொண்டதைக் கேட்டு ஜியோங் சிரித்திருப்பார். பிறகு கடைகளைக் குறைத்து, இடத்தைச் சீர் செய்தார்கள். லாந்தர்களை மட்டும் யாரும் இறக்கவில்லை.

அடுத்த இதழில் இந்த மதிலை விட்டுக் கிளம்பி, குய்ஃபா நடந்த வழியிலேயே ஷாஹூகோ கணவாய்க்குப் போகிறோம். ஒட்டகச் சுமைக்கு அங்கே சுங்கம் வாங்கியவர்கள் எப்படிக் கணக்கு எழுதினார்கள், அந்தக் கணக்கை ஷான்சிக்காரர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)